சாயம்: உங்கள் கேள்விகளுக்கு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதியில் துணி என்ன ரகம் என்றே இல்லை. "மஞ்சள் சுடிதார், நீலமாக்க வேண்டும்" என்றால் நான் என்ன ஜோசியமா பார்ப்பது? ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். காகிதம் மாதிரி எரிந்து சாம்பலானால் காட்டன், முடி கருகும் வாடை வந்தால் பட்டு அல்லது கம்பளி, உருகிக் கெட்டி மணியாக நின்றால் பாலியஸ்டர் அல்லது நைலான். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

டெரிகாட்டன் பேண்ட்டுக்கு வீட்டிலேயே கறுப்புப் போட்டேன், சாம்பல் நிறம்தான் வந்தது. (கொருக்குப்பேட்டை)

டெரிகாட்டன் என்றால் காட்டனும் பாலியஸ்டரும் கலந்தது. காட்டன் நூல் குடித்தது, பாலியஸ்டர் குடிக்கவில்லை. பாலியஸ்டருக்கு டிஸ்பெர்ஸ் என்கிற தனி ரகச் சாயம், மூடிய கலனில் 130 டிகிரி வாக்கில். உங்கள் அண்டா 100-ஐத் தாண்டாது.

காட்டனுக்கான ரியாக்டிவ் சாயத்தில் சோடா போட்டும் அலசியதும் எல்லாம் போய்விட்டது.

எந்தச் சோடா? கடிதத்தின் கடைசியில் "ஆப்பசோடா" என்று இருக்கிறது. அதை ஆப்பத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாயத்துக்குச் சலவை சோடா.

புதுப் புடவையைக் கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும்தானே? (திருவொற்றியூர்)

நிற்காது. எத்தனை தடவை எழுதுவது! வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் புடவை எடுத்தால் கடைக்காரரே இதைச் சொல்லித்தான் பையைக் கொடுக்கிறார். உப்புக்கு வேலை சாயத் தொட்டியில்தான். தண்ணீரில் காட்டனும் சாயமும் ஒரே மின்னேற்றத்தோடு இருப்பதால் ஒன்றையொன்று தள்ளும், உப்பு அந்தத் தள்ளலைக் குறைத்துச் சாயத்தை நூல் பக்கம் போகவிடும், அவ்வளவுதான். ரியாக்டிவ் சாயத்தை நூலோடு பிணைப்பது அப்புறம் போடுகிற சோடா. காட்டனுக்குப் போடுகிற இன்னொரு ரகமான டைரக்ட் சாயத்துக்கு அந்தப் பிணைப்பும் கிடையாது, சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். உப்புத் தண்ணீரில் சாயம் அவ்வளவாகக் கரையாது, அதனால் வாளி தெளிவாகத் தெரியும், நீங்களும் ஜெயித்துவிட்டதாக நினைப்பீர்கள். அடுத்த நல்ல தண்ணீர் அலசலில் கிளம்பிவிடும். நம் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீரே உப்பு. உப்பு சாயத்தைப் பிடிக்குமென்றால் வடசென்னையில் ஒரு லுங்கிகூட வெளுத்திருக்கக் கூடாது. தனியாக, குளிர்ந்த தண்ணீரில் நாலைந்து தடவை அலசி நிழலில் காயப்போடுங்கள். அதன்பிறகும் நிறம் கசிந்தால் சாயமே மட்டம், உங்கள் தப்பில்லை. 1960களில் அமெரிக்காவில் மெட்ராஸ் செக் என்கிற நம் ஊர்க் கட்டம் போட்ட காட்டன் சட்டையைச் "சாயம் போகும், உத்தரவாதம்" என்று சொல்லியே விற்றார்கள். நம்மிடம் உப்பு கொடுத்து அனுப்புகிறார்கள்.

அதே ரியாக்டிவ் சாயத்தைப் பட்டுக்குப் போடலாமா?

பிடிக்கும். ஆனால் சோடாவில் கிடந்தால் பட்டின் மினுமினுப்பு போய்விடும். பட்டுக்கு ஆசிட் சாயம் என்கிற ரகம், கொஞ்சம் வினிகர், கொதிக்கவிடாமல் 85 டிகிரி. ஜரிகை இருந்தால் வீட்டில் கைவைக்காதீர்கள், பட்டறையில் கொடுங்கள். சமையல் பாத்திரம் வேண்டவே வேண்டாம்.

காட்டன் சட்டை நன்றாகக் கறுத்தது, தையல் மட்டும் வெள்ளையாக நிற்கிறது.

தையல் நூல் பாலியஸ்டர். அதையும் கொளுத்திப் பார்த்திருக்கலாம்.

நாடக மேடைக்கு நைலான் வலைத் துண்டைப் பச்சையாக்க வேண்டும். (காசிமேடு)

பட்டுக்குச் சொன்ன ஆசிட் சாயமே பிடிக்கும், வினிகரோடு. மீன் குழம்பு வைக்கிற அண்டாவில் மட்டும் காய்ச்சாதீர்கள்.