சிச்சுவான் மிளகும் கொங்கணித் திரிபலும் ஒன்றா, பல்வலிக்கு ஆகுமா?

ஒன்றல்ல, ஆனால் பங்காளிகள். சிச்சுவான் மிளகு சீனச் சமையல் மசாலா, திரிபல் கொங்கண் பக்கத்து மசாலாக் காய் (திரிபலா சூரணம் இல்லை). இரண்டும் சாந்தாக்சைலம் என்ற முள்மர இனத்தைச் சேர்ந்தவை. நம் எலுமிச்சையும் கறிவேப்பிலையும் இதே பெருங்குடும்பம்தான். மிளகு என்று சொன்னாலும் நம் கருமிளகுக்கும் இதற்கும் உறவே கிடையாது.

சமையலுக்கு வேண்டியது காயின் தோல் மட்டும். வெடித்த தோலுக்குள் பளபளவென்று இருக்கும் கருப்பு விதையைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள், அரைத்தால் மணல் மாதிரி பல்லில் நறநறக்கும். சீனர்கள் தோலை வெறும் சட்டியில் லேசாக வறுத்துப் பொடித்து மாப்போ டோஃபு என்ற காரமான சோயாக் கட்டிக் குழம்பில் தூவுவார்கள். கொங்கண், கோவா பக்கம் திரிபலை அரைக்காமல் லேசாகத் தட்டி அயிலை மீன் குழம்பில் கடைசியாகப் போடுவார்கள். சாப்பிடும்போது அதை ஒதுக்கிவிட வேண்டும். சென்னைத் தள்ளுவண்டி செஷ்வான் ஃப்ரைட் ரைஸில் பெரும்பாலும் சிச்சுவான் மிளகு இருக்காது, வெறும் காய்ந்த மிளகாயும் பூண்டும்தான்!

சரி, பல்வலி. சிச்சுவான் மிளகில் சான்ஷூல் என்ற பொருள் இருக்கிறது, அது தொடு நரம்புகளைத் தூண்டுவதால்தான் உதடும் நாக்கும் குறுகுறுத்து மரத்துப்போகின்றன. வட அமெரிக்கப் பழங்குடியினர் அங்குள்ள இன்னொரு வகையின் பட்டையைப் பல்வலிக்கு மென்றதும், நேபாளத்தில் இதே இனத்து மரமான திமூரின் குச்சியில் பல் துலக்குவதும் இந்த மரப்புக்காகத்தான். அப்புறம், திமூர் அங்கே வயிற்று உப்புசத்துக்கும் கைமருந்து.

ஆனால் சொத்தை இதனால் ஆறாது, வலிதான் கொஞ்ச நேரம் அடங்கும். ஈறு வீங்கியிருந்தால் நேரே பல் டாக்டரிடம் போங்கள். கர்ப்பிணிகள் மருந்தளவில் எடுக்க வேண்டாம்.