சர்க்கரைக்கு மாத்திரையை விட்டுவிட்டு ராகிக் களியும் நடையும் மட்டும் போதுமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். 34 வயது, ஓசூரில் ஷிஃப்ட் வேலை, கம்பெனியில் நடந்த முகாமில் வெறும் வயிற்றில் 138, மூன்று மாத சராசரி (HbA1c) 7.0. டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். கூட வேலை செய்பவர்களோ, மாத்திரையை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது, ராகிக் களி தின்று நடந்தாலே போதும் என்கிறார்கள். எதைக் கேட்பது, மாம்பழ சீசன் வேறு வருகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாத்திரையைப் போடுங்கள். நாளைக்கே ஆரம்பியுங்கள். அந்த நண்பர்கள் சொன்னதைத்தான் எனக்கும் ஒருவர் சொன்னார், நானும் கேட்டேன். அதனால்தான் வேலையை விட்டுவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் மருத்துவன் இல்லை. காவேரிப்பட்டணத்தில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். போச்சம்பள்ளிப் பக்கம் இரண்டு ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. வயது 47. 2018-ல், கண் மங்குகிறதே என்று கண்ணாடி போடப் போன இடத்தில், முதலில் ரத்தம் பார்த்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். வெறும் வயிற்றில் 168, சாப்பிட்ட பிறகு 270, மூன்று மாத சராசரி 8.4. வெறும் வயிற்றில் 126-க்கு மேல், சராசரி 6.5-க்கு மேல் என்றால் அது சர்க்கரை நோய்தான் என்று டாக்டர் சொன்னார். உங்கள் எண்களும் அந்தக் கோட்டைத் தாண்டியவைதான். யாராவது உங்களிடம் "பார்டர்தான்" என்று சொன்னால் நம்பாதீர்கள். பார்டர் என்பது 100-லிருந்து 125 வரை.

மெட்ஃபார்மின் கொடுத்தார்கள். மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டேன், 7.1-க்கு இறங்கியது. அந்தச் சமயத்தில்தான் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த உறவுக்காரர், "மாத்திரை கிட்னியைத் தின்னுடும்டா. உங்க தாத்தா என்ன மாத்திரை போட்டாரா? மூணு வேளையும் களி தின்னு, எண்பத்திரண்டு வயசு வரைக்கும் நல்லா இருக்கலையா?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் மேல் பாசம் உள்ளவர்தான். எனக்கும் அது பிடித்த பேச்சாக இருந்தது, ஏனென்றால் மாத்திரை அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஏதோ குறை வந்துவிட்டது போல ஒரு வருத்தம். அன்றோடு நிறுத்திவிட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பதிலாகக் களி. காலையில் ராகிக் கூழ், மதியம் இரண்டு உருண்டை, இரவு இரண்டு உருண்டை. அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கோ உடம்புக்கு நல்லதே செய்கிறோம் என்ற முழு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் ரத்தம் பார்ப்பதையும் விட்டுவிட்டேன்.

2020-ல் ஊரடங்கு வந்து கடை மூடிக் கிடந்தபோது தினமும் நடக்க ஆரம்பித்தேன், அதுவும் புதுச் செருப்பில். வலது கால் சுண்டுவிரல் பக்கம் தோல் உரிந்தது எனக்குத் தெரியவே இல்லை. வலித்தால்தானே தெரியும்? பாதத்தில் உணர்ச்சி குறைந்து போயிருந்தது. பத்து நாள் கழித்து, "ஏங்க, கால்ல என்ன ஒரு மாதிரி வாடை வருது" என்று என் மனைவிதான் கண்டுபிடித்தாள். எடை ஆறு கிலோ இறங்கியிருந்தது, ராத்திரி நான்கு தடவை எழுந்து போய்க்கொண்டிருந்தேன். நடந்ததால்தான் இளைத்தேன் என்று அதையும் நல்ல சேதியாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் சராசரி பார்த்தார்கள், 11.2. பதினொரு நாள் படுக்கை, இன்சுலின் ஊசி, அப்புறம் இரண்டு மாதம் புண்ணுக்குக் கட்டு. விரலை எடுக்க வேண்டியிருக்கலாம் என்று சொன்ன அன்று ராத்திரி என் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒன்றுமே பேசாமல் இருந்தாள். பதினாலு வயது அப்போது. விரல் தப்பியது. அந்த ராத்திரியை நான் மறக்கவில்லை.

இப்போது களிக்கு வருகிறேன். இங்கேதான் பலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். ராகியைக் குறை சொல்ல நான் வரவில்லை. நான் ராகி தின்று வளர்ந்தவன், இன்றைக்கும் தின்கிறேன். சுண்ணாம்புச் சத்து அரிசியை விட, கோதுமையை விடப் பல மடங்கு அதிகம், நார்ச்சத்தும் உண்டு. தருமபுரி மாவட்டத்தில் 2023-லிருந்து ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக ராகி கொடுக்கிறார்கள், பாலக்கோட்டில் இருக்கும் என் அக்கா வாங்குகிறாள். நல்ல காரியம். ஆனால் ராகியிலும் பெரும்பங்கு மாவுச்சத்துதான், நூறு கிராமுக்கு எழுபது கிராம் பக்கம். அதை மில்லில் கொடுத்து நைசாக அரைத்து, கொதிக்கிற தண்ணீரில் கிளறி, உருண்டை பிடித்துத் தின்கிறோம். நம் ஊரில் களியை யாரும் மெல்ல மாட்டார்கள். குழம்பில் தொட்டு விழுங்குவதுதான் வழக்கம். இரண்டு உருண்டை உள்ளே போக ஐந்து நிமிடம் ஆகாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் குளுக்கோமீட்டர் ஒன்று வாங்கினேன். ஸ்ட்ரிப் விலை அதிகம்தான், ஆனால் அந்த ஒரு மாதம் கணக்குப் பார்க்கவில்லை. மகள் ஒரு நோட்டுப் போட்டாள். என்ன சாப்பிட்டேன், எவ்வளவு, இரண்டு மணி நேரம் கழித்து எண் என்ன என்று அவளே எழுதுவாள். இரண்டு பெரிய உருண்டை, கொஞ்சம் கருவாட்டுக் குழம்பு என்றால் 243. ஆரஞ்சுப் பழ அளவில் ஒரே உருண்டை, கிண்ணம் நிறைய அவரைக்கொட்டைக் குழம்பு, கீரைக் கடைசல் என்றால் 171. அதே சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் நடந்த நாளில் 152. இட்லி நான்கும் சட்னியும் தின்ற காலையில் 230 தாண்டியது. இது என் உடம்பின் கணக்கு. உங்கள் உடம்புக்கு எண் வேறாக இருக்கும், இதைப் படித்துவிட்டு என் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் நோட்டை நீங்கள் போடுங்கள்.

தாத்தாவைப் பற்றி அந்த உறவுக்காரர் சொன்னது பொய் இல்லை. களி தின்றார், நன்றாக வாழ்ந்தார். ஆனால் விடியுமுன் கவலை ஓட்டப் போவார். கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்க மாட்டோடு சேர்ந்து முன்னும் பின்னுமாக எத்தனை நூறு தடவை நடந்திருப்பாரோ. அப்புறம் ஏர். மத்தியானக் களி தூக்குப் போசியில் நிலத்துக்குப் போகும். வேலை செய்கிற தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்து எரிக்கிறது என்று டாக்டர் விளக்கியபோது எனக்கு நேராகத் தாத்தாவின் கெண்டைக்கால்தான் ஞாபகம் வந்தது. நான் காலை ஒன்பது மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தால் இரவு ஒன்பதரைக்குத்தான் எழுந்திருப்பேன். நடுவில் ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. வருகிற எலக்ட்ரீஷியன்களோடு குடிக்காமல் இருந்தால் மரியாதை இல்லை என்று நினைத்திருந்தேன். அவர் சாப்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் உழைப்பை விட்டுவிட்டேன்.

மாற்றியது என்னவென்று கேட்டால், பெரிய விஷயம் எதுவும் இல்லை. முன்பு பத்தேகாலுக்குச் சாப்பிட்டு உடனே படுப்பேன். இப்போது ஏழரைக்கு வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் வந்துவிடும், கடைப் பையன் பத்து நிமிடம் கல்லாவைப் பார்த்துக்கொள்வான். ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு வீடு வரை ஒன்றரை கிலோமீட்டர் நடந்தே போகிறேன், வண்டி கடையிலேயே நிற்கும். டீ இரண்டு, சர்க்கரை இல்லாமல். முதல் பத்து நாள் கஷ்டம், அப்புறம் பழகிவிட்டது. வாரத்துக்கு நூற்றைம்பது நிமிட நடை என்கிறார்கள் இல்லையா, தனியாக நேரம் ஒதுக்காமலே அது ஆகிவிடுகிறது. மாத்திரை இரண்டு வேளை. ஒரு வருடத்தில் 11.2 என்பது 6.6 ஆனது. ஊசியை நிறுத்தியது டாக்டர்தான், நான் இல்லை.

என் மனைவியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதில் பொய்யாகிவிடும். வீட்டுக்கே ஒரே சமையல் என்று அவள் முடிவெடுத்தாள். எனக்குத் தனிச் சாப்பாடு என்று வைத்திருந்தால் மூன்றாவது வாரமே விட்டிருப்பேன். உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, ரூமில் தங்கி மெஸ்ஸில் சாப்பிடுகிறீர்களா தெரியவில்லை. ஷிஃப்ட் என்று சொன்னதால் மெஸ் என்றே நினைத்துக்கொள்கிறேன். சோற்றைப் பாதியாக்கி, கூட்டையும் பொரியலையும் இரண்டு தடவை கேட்டு வாங்குங்கள், முட்டையோ சுண்டலோ சேர்த்துக்கொள்ளுங்கள். நைட் ஷிஃப்டில் இரண்டு மணிக்குப் பரோட்டா தின்பதை மட்டுமாவது நிறுத்துங்கள். பகலில் தூங்கும்போது அறையை இருட்டாக்கி ஏழு மணி நேரம் தூங்கப் பாருங்கள். தூக்கம் கெட்டால் மறுநாள் எண் ஏறுவதை என் நோட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

அம்மாவுக்கு முதலில் ரொம்ப வருத்தம். "ராகி தின்னாதேன்னு எந்த டாக்டர் சொன்னாரு?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவருக்கு 72 வயது, பிபி 170-க்கு 100. தலை சுற்றல் இல்லை, வலி இல்லை, அதனால் எனக்கு ஒன்றும் இல்லை என்பார். பிபி அப்படித்தான், சத்தமே போடாமல் உள்ளே வேலை பார்க்கும். மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தை 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கி வைத்தார்கள். அதில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி மாதம் ஒருமுறை வீட்டுக்கே வந்து பிபி பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறாள். நான் சொல்லிக் கேட்காத அம்மா அவள் சொல்லிக் கேட்டார். ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு எல்லாம் சேர்த்து ஐந்து கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன் அளவுதான் என்று அவள் கையில் அளந்து காட்டினாள். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் வாரத்துக்கு ஒரு நாள் என்றானது.

மாம்பழம் கேட்டீர்கள். மாந்தோப்புக்காரனிடம் கேட்கிறீர்கள். சாப்பாட்டோடு சேர்க்காமல், நாலு மணி போல, இரண்டு துண்டு. ஜூஸ் வேண்டவே வேண்டாம். எனக்கு அவ்வளவுதான் தாங்குகிறது. உண்மையைச் சொன்னால் இப்போது மாம்பழத்தைப் பார்த்தால் தின்னும் ஆசையை விட வயிற்றெரிச்சல்தான் வருகிறது. எங்கள் தோப்பில் முக்கால்வாசி பெங்களூரா, மாங்கூழ் தொழிற்சாலைக்குப் போகிற காய். விலையைச் சீசன் தொடங்கும்போது சொல்ல மாட்டார்கள். காய் பறித்து வண்டியில் ஏற்றி ஆலை வாசலில் ஒன்றரை நாள் காத்துக் கிடந்த பிறகு சொல்வார்கள். திருப்பி எடுத்துப் போக முடியாது, அழுகிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். பறிக்கும் கூலியும் வண்டி வாடகையும் போக மருந்தடித்த காசு கூட மிஞ்சாத வருடம் உண்டு. பக்கத்துத் தோப்புக்காரர் முப்பது வருட மரங்களை வெட்டிவிட்டார். மருந்துக்கும் ஸ்ட்ரிப்புக்கும் காசு இல்லை என்று அவர்தான் இப்போது சர்க்கரையை அளக்காமல் இருக்கிறார். கேள்விக்கு இது சம்பந்தம் இல்லை, தெரியும். மாம்பழம் என்ற வார்த்தையைப் பார்த்தால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"மாத்திரை இல்லாமலே குணமானவர்கள் இருக்கிறார்களே" என்று கீழே யாராவது எழுதுவார்கள். இருக்கிறார்கள். பிரிட்டனில் நடந்து 2017-ல் வெளியான ஒரு ஆய்வில், எடையை நன்றாகக் குறைத்தவர்களில் பலர் ஒரு வருடம் கழித்து மாத்திரை இல்லாமலே சர்க்கரை நோய்க் கோட்டுக்குக் கீழே வந்திருந்தார்கள். நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களை வைத்து, மருத்துவர்கள் கூடவே இருந்து, தொடர்ந்து அளந்து செய்தது அது. நீங்களும் உங்கள் டாக்டரிடமே நேராகக் கேளுங்கள்: "சார், நான் எடை குறைத்து இவ்வளவு மாதத்தில் இந்த எண்ணுக்குக் கொண்டுவந்தால் மாத்திரையைக் குறைப்பீர்களா?" என்று. நல்ல டாக்டர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். 34 வயதில் உங்களுக்கு அந்த வாய்ப்பு என்னை விட அதிகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சராசரி, வருடத்துக்கு ஒருமுறை கண்ணின் விழித்திரை, சிறுநீரில் புரதம், இவற்றைத் தள்ளிப் போடாதீர்கள்.

இன்னொன்று. கம்பெனியில் சேஃப்டி ஷூ போட்டு எட்டு மணி நேரம் நிற்பீர்கள் என்று நினைக்கிறேன். ரூமுக்கு வந்து சாக்ஸைக் கழற்றியதும் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பாதத்தையும் பாருங்கள். அடிப்பக்கம் தெரியாவிட்டால் சின்னக் கண்ணாடி ஒன்றைத் தரையில் வைத்துப் பாருங்கள். விரல் இடுக்கையும் விடாதீர்கள். வலிக்காத சிவப்பு, வலிக்காத கொப்புளம் எது இருந்தாலும் அன்றைக்கே காட்டிவிடுங்கள். என் வீட்டில் அந்தக் கண்ணாடி கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. மகள் இப்போது கோவையில் காலேஜ் படிக்கிறாள், ராத்திரி போன் பண்ணினால் முதலில் கேட்பது "கால் பார்த்தாச்சாப்பா?" என்றுதான்.