மரம் நடுவதைத் தாண்டி ஒரு பல்கலைக்கழகம் காலநிலை மாற்றத்துக்கு என்ன செய்ய முடியும்?

மரக்கன்று அப்புறம், முதலில் பல்கலைக்கழகத்தால் எவ்வளவு பசுங்குடில் வாயு வெளியேறுகிறது என்ற கணக்கு. வளாகத்திலேயே எரிவதும் கசிவதும் ஓர் அடுக்கு, வாங்கும் மின்சாரம் இரண்டாவது, விமானப் பயணம், கொள்முதல், மாணவர் போக்குவரத்து எல்லாம் மூன்றாவது. கடைசி அடுக்குதான் பெரும்பாலும் பெரியது. துல்லியமாக அளக்க முடியாததும் அதுவே.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். ஜெனரேட்டர் பதிவேடு இருந்தால் கணக்கு முடிந்தது. பலர் கோட்டை விடுவது ஏசியில். அதில் குளிரூட்டப் பயன்படும் ஆர்-410ஏ வாயு 1 கிலோ கசிந்தால் 2 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம். அதாவது 700 லிட்டர் டீசலுக்கும் அதிகம். கசிவை அளக்கத் தனிக் கருவி வேண்டாம். பழுது பார்க்க வருபவர் எத்தனை கிலோ நிரப்பினார் என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். நிரப்பியது எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் கசிந்தது.

ஆய்வகத்தில் −80 டிகிரி ஃப்ரீசரை −70க்கு மாற்றினால் மின்செலவு கால் பங்குக்கு மேல் குறையும். பெரும்பாலான மாதிரிகளுக்கு அதுவே போதும். ஆனாலும் ஆய்வாளர்களைச் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

கல்வி? இந்தக் கணக்கெடுப்பையே மதிப்பெண் உள்ள பாடமாக்கலாம், கணக்கியல், பொறியியல் மாணவர்களுக்கும் சேர்த்து. சறுக்குவது ஒரே இடத்தில்: தரவு மாணவரின் மடிக்கணினியோடு வெளியேறிவிடும். அதனால் பிற்பாடு ஒப்பிட அடிப்படை ஆண்டு ஒன்றைக் குறித்து, கோப்பை நிரந்தர ஊழியர் ஒருவர் பொறுப்பில் விடுங்கள்.