பழைய பிக்கப் வண்டியில் சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் பார்ப்பது எப்படி: கேள்வி பதில்

பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்கள் சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) நம்பர், இன்ஜின் நம்பர் விஷயத்தில் என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். பட்டறையில் எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றிதழுக்கு, வண்டி தயார் செய்வதுதான் என் அன்றாட வேலை, அதனால் இந்த நம்பர்களோடுதான் பொழுது போகிறது.

தருமபுரியிலிருந்து: அண்ணா, 2011 மாடல் பொலேரோ பிக்கப் ஒன்று விலைக்கு வருகிறது. கேபினில் இருக்கும் தகட்டைக் காட்டி இதுதான் சேஸிஸ் நம்பர் என்கிறார் புரோக்கர். அது போதுமா?

போதாது தம்பி. தகடு ரிவெட் அடித்தது, கழற்றி இன்னொரு வண்டியில் மாட்ட பத்து நிமிஷம் ஆகாது. பிக்கப்பில் கேபினும் பின்னாடி தொட்டியும் சேஸிஸ் மேல் போல்ட் போட்டு உட்கார வைத்தவை, விபத்தில் நசுங்கிய கேபினுக்குப் பதில் காயலாங்கடையிலிருந்து வேறு கேபின் வாங்கி ஏற்றுவது சாதாரணமாக நடக்கிற வேலை. அதனால் சட்டப்படி வண்டி எது என்று சொல்வது சேஸிஸ் இரும்பிலேயே குத்தியிருக்கும் நம்பர்தான்.

நம் ஊர் பிக்கப்களில் பெரும்பாலும் அது டிரைவர் பக்கம், முன் சக்கரத்தை ஒட்டி, நீளச் சட்டத்தின் வெளிப்பக்கத்தில் இருக்கும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்து நிறுத்தி, டார்ச் அடித்துப் பாருங்கள். சேறும் கிரீஸும் அப்பியிருந்தால் டீசல் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடையுங்கள், பெயிண்ட் மூடியிருந்தால் தின்னர். கிரைண்டர், உளி, முரட்டு உப்புத்தாள் எதுவும் அந்த இடத்துக்குக் கிட்டவே போகக்கூடாது. சுத்தமானதும் மெல்லிய வெள்ளைத் தாளை வைத்து, பென்சிலைப் படுக்க வைத்துத் தேயுங்கள், கறுப்புக்கு நடுவே எண்கள் வெள்ளையாக வரும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்கும் பென்சில் பிரிண்ட் இதுதான். அதை ஆர்.சி.யோடு (பதிவுச் சான்றிதழ்) ஒப்பிடும்போது கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். முன்னாலிருந்து படித்தால் இருக்கவேண்டியதைத்தான் கண் பார்க்கும், இருப்பதைப் பார்க்காது.

ஈரோட்டிலிருந்து: நம்பரை வைத்தே வண்டி எந்த வருஷம் என்று சொல்லலாமாமே?

17 எழுத்து நம்பர் என்றால் சொல்லலாம். முதல் மூன்றும் கம்பெனியைச் சொல்லும். மஹிந்திராவுக்கு எம்.ஏ.1, டாடாவுக்கு எம்.ஏ.டி. பத்தாவது எழுத்து பெரும்பாலும் வருஷம்: 2001 முதல் 2009 வரை 1 முதல் 9, 2010க்கு ஏ, 2011க்கு பி, 2012க்கு சி, அப்படியே போகும். ஐ, ஓ, க்யூ மூன்றும் 17 எழுத்தில் எங்குமே வராது, வந்திருந்தால் யாரோ கையால் எழுதும்போதோ டைப் அடிக்கும்போதோ 1, 0 என்பதை மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், அல்லது அதைவிட மோசம். பத்தாவது பி, பதிவு 2012 என்றால் பயப்பட வேண்டாம், ஷோரூமில் சில மாதம் நின்ற வண்டி. விலை பேசும்போது மட்டும் 2011 என்றே பேசுங்கள்.

இணையத்தில் நம்பரைப் போட்டால் ‘தவறான எண்’ என்று வருகிறதே என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். ஒன்பதாவது இடத்தில் சரிபார்ப்பு எண் இருக்க வேண்டும் என்பது வட அமெரிக்க வண்டிகளுக்குக் கட்டாயம், இங்கே இல்லை. அந்தத் தளங்கள் அமெரிக்கக் கணக்கில் பார்த்துச் சொல்கின்றன, விட்டுவிடுங்கள். அதேபோல 1990களின் பல வண்டிகளில் 17 எழுத்தே இருக்காது, கம்பெனி தன் முறையில் போட்ட நம்பர்தான் இருக்கும். அதுவும் செல்லும்.

ஓசூரிலிருந்து: நம்பரை மாற்றி அடித்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்குத்தான் நேரில் போகச் சொல்வது. கம்பெனியில் குத்திய எழுத்துகள் ஒரே உயரம், ஒரே ஆழம், ஒரே இடைவெளி, ஒரே கோட்டில் நிற்கும். பட்டறையில் சுத்தியலால் ஒவ்வொன்றாக அடித்தால் ஒன்று சாயும், ஒன்று ஆழமாகும், 3இன் வளைவும் 8இன் வளைவும் வேறு வேறு அச்சில் வந்தது போலத் தெரியும். அதைவிட முக்கியம் எழுத்தைச் சுற்றியிருக்கும் இரும்பு. விரலால் தடவுங்கள். அந்த இடம் மட்டும் லேசாகக் குழிந்திருக்கிறதா, கிரைண்டர் கோடுகள் ஒரே திசையில் ஓடுகின்றனவா, சட்டம் முழுக்கப் பழைய பெயிண்ட் இருக்க ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் புது பிளாக் பெயிண்டா, பட்டி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சட்டத்தின் உள்பக்கமும் பார்க்க வேண்டும். நம்பர் உள்ள துண்டை வெட்டி எடுத்து வேறு வண்டியில் வெல்டிங் வைப்பவர்கள் வெளிப்பக்கத்தை வழித்து மறைத்துவிடுவார்கள், உள்பக்கத்தில் வெல்டிங் தழும்பு அப்படியே நிற்கும். இதில் எது ஒன்று தெரிந்தாலும் அட்வான்ஸ் கொடுக்காமல் வந்துவிடுங்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். அச்சு குத்தும்போது எழுத்துக்குக் கீழே உள்ள இரும்பும் அழுந்திப்போகிறது. மேலே தேய்த்து எடுத்தாலும் தடய அறிவியல் ஆய்வகத்தில் அமிலம் தடவிப் பழைய நம்பரை மீட்க வாய்ப்பு உண்டு.

நாமக்கல்லிலிருந்து: டாடா 207, இன்ஜின் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போகவில்லை. திருட்டு வண்டியா?

அவசரப்பட வேண்டாம். முதலில் நீங்கள் பார்த்தது இன்ஜின் நம்பர்தானா? பிளாக்கில் (இன்ஜினின் முக்கிய வார்ப்பு இரும்புப் பகுதி) மேடாகப் புடைத்து நிற்கும் எண்கள் வார்ப்பில் வந்தவை, ஒரே அச்சில் வார்த்த எல்லா பிளாக்கிலும் அதே எண்தான் இருக்கும். இன்ஜின் நம்பர் தட்டையாகச் சீவிய ஒரு சின்னப் பரப்பில் உள்ளே குழிந்து குத்தியிருக்கும்.

அதுவும் வேறாக இருந்தால் இன்ஜின் மாற்றியிருக்கிறார்கள். பழைய வண்டியில் பிளாக் வெடித்தால் மாற்றத்தான் செய்வார்கள், மாற்றுவது குற்றமில்லை. ஆனால் ஆர்.டி.ஓ.வில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்றியிருக்க வேண்டும், இன்ஜின் எங்கே வாங்கியது என்பதற்குப் பில் இருக்க வேண்டும். அதை ஏற்றித் தரும் பொறுப்பு விற்பவருடையது. ‘வாங்கிக்கோங்க, பிறகு பார்த்துக்கலாம்’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

தூத்துக்குடியிலிருந்து: உப்பு லோடு ஓட்டிய வண்டி, சேஸிஸ் நம்பரில் பாதி துருவில் போய்விட்டது. பட்டறையில் மறுபடி குத்தித் தருகிறேன் என்கிறார்கள்.

தயவுசெய்து வேண்டாம். உங்கள் சொந்த வண்டியாகவே இருந்தாலும், நீங்களாக நம்பர் குத்தினால் திருட்டு வண்டிக்கு அடித்ததற்கும் அதற்கும் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. இப்போது இருக்கும் நிலையிலேயே ஃபோட்டோ எடுத்து வையுங்கள், ஆர்.சி., இன்சூரன்ஸ், பழைய எஃப்.சி. எல்லாவற்றோடும் ஆர்.டி.ஓ.வுக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்து, அவர்கள் அனுமதித்த பிறகுதான் மறுபடி குத்துவது. கடலோர ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன், வருஷம் ஒருமுறை அந்த இடத்தைத் துடைத்து லேசாக கிரீஸ் தடவி வையுங்கள். சேஸிஸுக்குப் பட்டை வைத்து வெல்டிங் செய்யும்போது நம்பரை மூடிவிடாதே என்று வெல்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கோவையிலிருந்து: கேரளா வண்டி. பேப்பரில் என்ன பார்க்க வேண்டும்?

அரசின் போக்குவரத்துத் தளமான பரிவாஹனில் பதிவு எண்ணைப் போட்டு, ஃபைனான்ஸ் நிலுவை இருக்கிறதா, எஃப்.சி., வரி எதுவரை என்று பாருங்கள். கடன் முடிந்திருந்தால் ஃபைனான்ஸ் கையெழுத்திட்ட படிவம் 35, வெளிமாநிலம் என்பதால் படிவம் 28இல் என்.ஓ.சி. (ஆட்சேபனை இல்லை என்ற சான்று), பெயர் மாற்ற படிவம் 29, 30. திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில் பார்க்கலாம். அங்கே போடும் நம்பர் ஆர்.சி.யிலிருந்து எடுத்ததாக இருக்கக்கூடாது, நீங்கள் பென்சில் பிரிண்ட் எடுத்த நம்பராக இருக்க வேண்டும்.

வவுனியாவிலிருந்து: அண்ணை, என்னிடம் இருப்பது பழைய ஹைலக்ஸ் டபுள் கேப். 17 இலக்கம் இல்லை, எல்.என்.106 என்று தொடங்கி ஒரு கோடு, பிறகு ஏழு இலக்கம். பிழையா?

பிழை இல்லை. ஜப்பானில் உள்நாட்டு விற்பனைக்குச் செய்த வண்டிகளுக்கு 17 எழுத்து முறையே கிடையாது. எல் என்பது இன்ஜின் குடும்பம், என் என்பது ஹைலக்ஸ், கோட்டுக்குப் பிறகு வரிசை எண். வலப்பக்க முன் சில்லுக்கு அருகில் சட்டத்தில் குத்தியிருக்கும், உங்கள் பதிவுச் சான்றிதழில் உள்ளதும் அதுவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் போதும்.

ஊர் சொல்லாத ஒருவர்: வண்டி வாங்கி ஆறு மாதம் ஆகிறது. இப்போதுதான் பார்த்தேன், ஆர்.சி.யில் 8, சேஸிஸில் 3. என்ன செய்ய?

பழைய ஆர்.சி.யைப் பார்த்துக் கணினியில் ஏற்றும்போது 8, 3, பி, 5, எஸ் எல்லாம் இடம் மாறியது நிறைய உண்டு. முதல் விற்பனை பில் அல்லது பழைய ஆர்.சி. புத்தகம் கிடைத்து, அதில் 3 என்றே இருந்தால் திருத்தத்துக்கு விண்ணப்பித்துச் சரிசெய்துவிடலாம். பழைய பேப்பரிலும் 8 என்று இருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள், வேறு யார் தலையிலும் கட்டவும் நினைக்காதீர்கள். விற்றவர் கொடுத்த ரசீது, பணம் அனுப்பிய கணக்கு, அவரோடு பேசிய மெசேஜ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள், அவரோடு சேர்ந்து போலீசில் நீங்களே முன்வந்து எழுதிக் கொடுங்கள்.