நாலு குவில்ட், ஒரே மெஷின், ராத்திரி ஒரு மணி நேரம்

வாசகர் கேள்வி - பதில்

*திருச்சி வாசகி: குழந்தைக்கு ஒரு குவில்ட் (துண்டுத் துணிகளை இணைத்த மேல்துணி, பஞ்சு ஷீட், அடித்துணி என மூன்று அடுக்காகத் தைக்கும் போர்வை), கட்டிலுக்கு ஒரு விரிப்பு, ஊஞ்சல் மெத்தை உறை, குஷன் உறை என்று நாலையும் ஆரம்பித்தேன். ஒன்றும் முடியவில்லை. வேலை நாளில் ராத்திரி ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். 'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்' என்கிறார் மாமியார். மூன்றை மூட்டை கட்டிவிடவா?*

வேண்டாம். முதலில் நாலையும் எடுத்து வைத்து, ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அநேகமாக நாலும் ஒரே இடத்தில்தான் நிற்கும்: கட்டங்கள் (சதுரத் துண்டுகள்) வெட்டியாயிற்று, பாதி இணைத்தாயிற்று. நிறம் சேர்த்துப் பார்க்கிற சுவாரஸ்யமான நிலை அதுதான் என்பதால் எல்லோரும் அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள். எண்ணிக்கை நாலாக இருப்பதில் தப்பில்லை. நாலும் ஒரே நேரத்தில் மெஷினுக்காக வரிசையில் நிற்பதுதான் தப்பு.

வெட்டுவதற்குப் பெரிய மேஜையும் தெளிந்த தலையும் வேண்டும். இணைப்பதற்கு மெஷின். மூன்று அடுக்கையும் விரித்துப் பிடிக்கத் தரையும், யாரும் குறுக்கே நடக்காத ஒன்றரை மணி நேரமும் வேண்டும். ஓரப்பட்டியை ஹெம்மிங் செய்ய மடி போதும், டிவி ஓடினாலும் பரவாயில்லை. ஆகவே எந்த வாரத்திலும் ஒன்று வெட்டும் நிலையில், ஒன்று மெஷினில், ஒன்று மடியில் இருக்கட்டும். நாலாவது பையில் தூங்கட்டும். முடிவுக்கு எது மிக அருகில் இருக்கிறதோ, அதை முதலில் முன்னே தள்ளுங்கள்.

வாரத்தை இப்படிப் பிரிக்கலாம். திங்கள், செவ்வாய் இணைக்கும் தையல் மட்டும். புதன் இஸ்திரி, பெட்டி சூடாக இருக்கும்போதே அடுத்த வேலைக்கான துணியையும் தேய்த்து வெட்டிவிடலாம். வியாழன் மறுபடி மெஷின். வெள்ளி, சனி கைத்தையல். ஞாயிறு காலை தரை வேலை. கரண்ட் போனால் எந்தக் கிழமையானாலும் கைத்தையல்.

அடுத்தது, வேலைக்கு ஒரு பை. ஜிப் வைத்த புடவை கவர் போதும். ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை போடுங்கள். குழந்தைக் குவில்ட்டின் அட்டையில் இவ்வளவு இருந்தால் போதும்:

'36 x 48 இஞ்ச். கட்டம் வெட்டு 3.5, தைத்தபின் 3. 12 x 16 = 192. மார்ஜின் (தையலுக்கு வெளியே விடும் துணி) கால் இஞ்ச். ஊசி 14. இஞ்ச்சுக்கு 10 தையல். நூல் வெளிர் சாம்பல். ஒற்றைப்படை வரிசையின் மார்ஜின் இடப்பக்கம் சாய்வு, இரட்டைப்படை வலப்பக்கம். அடுத்து: வரிசை 7, இடமிருந்து 5-வது கட்டம்.'

கடைசி வரிதான் உயிர். பத்து நாள் கழித்துப் பையைத் திறக்கும்போது, எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே அந்த ஒரு மணி நேரத்தில் பாதி போய்விடும். மார்ஜின் சாயும் திசையை மறந்தால் இரண்டு வரிசையின் மடிப்பும் ஒரே பக்கம் விழும். மூலைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் முண்டு தட்டும், அந்த இடத்தில் ஊசியும் உடையும்.

நூல் விஷயத்தில் பெரிய மனசு வேண்டாம். இணைக்கும் தையல் வெளியே தெரியாது. எல்லா வேலைக்கும் ஒரே வெளிர் சாம்பல் நூலைப் போடுங்கள். ஞாயிறன்றே நாலு பாபின் சுற்றி வைத்துவிட்டால், ஒரு பையை மூடி இன்னொரு பையைத் திறக்க மெஷினில் எதையுமே மாற்ற வேண்டியதில்லை.

இன்னொன்று. கால்மெஷினில் தையல் தொடங்கும்போது துணியின் மூலையை ஊசித்துளை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதைத் தவிர்க்க முதலில் ஒரு துண்டுத் துணியில் தொடங்கி, நூலை அறுக்காமல் அசல் கட்டத்துக்குப் போவது வழக்கம். அந்தத் துண்டுத் துணிக்குப் பதிலாக, தூங்குகிற நாலாவது பையிலிருந்து இரண்டு கட்டங்களைச் சேர்த்து வையுங்கள். தொடங்கும்போது ஒரு ஜோடி, முடிக்கும்போது ஒரு ஜோடி. தனியாக நேரம் ஒதுக்காமலேயே குஷன் உறைக்கு ஜோடிகள் சேர்ந்துவிடும். இரண்டுக்கும் மார்ஜின் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

மாமியாரின் பழமொழி சரிதான். ஆனால் அந்தத் தச்சன் ஒரு மரத்தை அறுத்துக்கொண்டு, இன்னொன்றைக் காய வைத்து, மூன்றாவதை இழைத்திருந்தால் பழமொழியே பிறந்திருக்காது.

*கோவை வாசகி: மூன்று வாரமாக விட்டு விட்டுத் தைத்த பிளாக்குகள் (கட்டங்களை இணைத்த பகுதிகள்) ஒன்றுக்கொன்று அளவு சேரவில்லை. வெட்டியதெல்லாம் ஒரே அளவில்தான். எங்கே தப்பு?*

மார்ஜினில். வேறு வேலைக்காக நடுவில் பிரஷர் ஃபுட்டை (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) கழற்றி மாற்றியிருப்பீர்கள், அல்லது ஒரு நாள் ஃபுட்டின் ஓரத்தையும் இன்னொரு நாள் ஊசிக்குக் கீழே உள்ள தகட்டின் கோட்டையும் குறியாக வைத்துத் தைத்திருப்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 3.5 இஞ்ச் கட்டம் 12 சேர்ந்த வரிசை 36.5 இஞ்ச் வர வேண்டும். அதில் 11 இணைப்பு. ஒவ்வொரு துணியிலும் கால் இஞ்ச்சுக்குப் பதில் 3/8 இஞ்ச் உள்ளே போனால், ஓர் இணைப்புக்குக் கால் இஞ்ச் நஷ்டம். வரிசை 33.75 இஞ்ச்சில் வந்து நிற்கும். வெறும் 1/16 இஞ்ச் பிசகினாலே வரிசைக்கு 1 3/8 இஞ்ச் போய்விடும்.

ஒவ்வொரு முறை பையைத் திறக்கும்போதும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள், மூன்று நிமிடம்தான். 1.5 இஞ்ச் அகலத்தில் மூன்று சின்னப் பட்டை வெட்டி, பக்கம் பக்கமாக இணைத்து, தேய்த்து, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். மிகச் சரியாக 1 இஞ்ச் இருக்க வேண்டும். குறைந்தால் உங்கள் மார்ஜின் அதிகம். ஃபுட் ஓரத்தை நம்பாதீர்கள். ஊசியைக் கையால் இறக்கி, அதன் முனையிலிருந்து கால் இஞ்ச் அளந்து, தகட்டில் நாலைந்து மடிப்பாக ஒட்டிய டேப்பை ஒட்டி விடுங்கள். துணி அந்தத் திட்டில் உரசிக்கொண்டே போகும். மடிப்பில் ஒரு நூலளவு துணி வளைந்து தின்றுவிடும் என்பதால், கால் இஞ்ச்சுக்கு ஒரு நூலிழை குறைத்து ஒட்டுவதே சரியாக வரும்.

இஸ்திரியையும் பாருங்கள். பெட்டியை முன்னும் பின்னும் இழுத்தால் துணி நீளும்; முக்கோணத் துண்டுகளின் கிராஸ் (சாய்வாக வெட்டிய) பக்கம் ரப்பர் மாதிரி இழுபடும். பெட்டியை வைத்து, எடுத்து, அடுத்த இடத்தில் வையுங்கள். ஏற்கெனவே தைத்தவற்றில் பெரியதை அளவுக்கு வெட்டிச் சரிசெய்யலாம். சின்னதைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

*மதுரை வாசகி: சிவப்புச் சுங்குடித் துண்டையும் வெள்ளைக் காடாவையும் சேர்த்துத் தைக்கலாமா? உப்பும் வினிகரும் போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்குமாமே?*

நிற்காது. உப்பு, சாயம் ஏற்றும்போது உதவுகிற சரக்கு. ஏற்றி முடித்த பருத்தியில் பிடிக்காமல் நிற்கும் சாயத்தை அது பிடித்து வைக்காது. வினிகர் பட்டுக்கும் கம்பளிக்கும் போடுகிற சில சாயங்களுக்குத்தான் பயன்படும். பருத்தியில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: மீதிச் சாயத்தைக் கழுவி வெளியேற்றுவது. தனியாக வெந்நீரில் சோப்புத் தூள் போட்டு அலசி, தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பிறகு ஈரத் துண்டின் மேல் ஒரு வெள்ளைத் துணியை வைத்துச் சூடாகத் தேய்த்துப் பாருங்கள். ரோஸ் கறை பட்டால், அந்தத் துணியை வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மெரூன், கருநீலம் சேர்ந்த வேறு பைக்கு மாற்றிவிடுங்கள். பல வேலை ஓடும் வீட்டில் இது ஒரு வசதி, ஒன்றுக்கு ஆகாதது இன்னொன்றுக்கு ஆகும்.

துவைத்துக் காய்ந்த துணிகளை ஒரு பெட்டியிலும் துவைக்காததை வேறு பெட்டியிலும் வையுங்கள். கலந்துவிட்டால் முதல் சலவையில் ஒன்று சுருங்கும், ஒன்று சுருங்காது. பக்கத்துக் கட்டம் பொம்மலாக எழும்பி நிற்கும்.

*திருப்பூர் வாசகர்: பனியன் கட் பீஸ் கிலோ கணக்கில் கிடைக்கிறது. குவில்ட்டுக்கு ஆகுமா?*

அப்படியே ஆகாது, இழுபடும். பின்பக்கம் பசையுள்ள மெல்லிய கேன்வாஸை ஒட்டித் தேய்த்தபின் வெட்டினால் சாதாரணத் துணி போல நடந்துகொள்ளும். வெட்டியபின் ஒட்டாதீர்கள், ஓரம் சுருண்டு அளவு போய்விடும். ஊசி, உருண்டை முனை உள்ள பால் பாயின்ட். கூர்முனை ஊசி போட்டால் கண்ணி அறுந்து ஓட்டை விழும். காட்டனோடு கலக்காமல், பனியன் துணிக்கென்று ஒரு பை வைத்துக்கொள்வது நிம்மதி.

*தாம்பரம் வாசகி: மூன்று அடுக்கையும் ஊக்கு குத்தி மடித்து வைத்தேன். இரண்டு வாரம் கழித்து எடுத்துத் தைத்தால் அடித்துணியில் சுருக்கம். ஊக்கு இருந்த இடத்தில் துருக்கறை வேறு.*

ஊக்கு குத்தியதைக் காத்திருக்க வைக்கக் கூடாது. கடலோரக் காற்றில் மலிவான ஊக்கு சீக்கிரம் துருப்பிடிக்கும். துருக்கறை சோப்புக்கு அசையாது, எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்தால் ஓரளவு மங்கும், நிறத்துணியில் நிறமும் சேர்ந்து மங்கும். அந்த வாரமே மெஷினில் போட முடியாது என்று தெரிந்தால் ஊக்கே வேண்டாம். வெள்ளை நூலால், விரல் நீளத் தையலாக, 4 இஞ்ச் இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் நூல் ஓட்டுங்கள். அது மாதக் கணக்கில் காத்திருக்கும். மடிக்காமல் சுருட்டி வையுங்கள்.

சுருக்கம் வந்ததற்குக் காரணம் விரித்த விதம். அடித்துணியின் நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, நாலு பக்கமும் நடுவிலிருந்து மூலை நோக்கி டேப் ஒட்டுங்கள். துணி தட்டையாக இருக்க வேண்டும், விறைப்பாக இழுபடக் கூடாது. விறைப்பாக இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் அது சுருங்கி, மேல்துணி உப்பிக்கொள்ளும். அதன் மேல் பஞ்சு ஷீட், அதன் மேல் இணைத்த மேல்துணி. ஊக்கு நடுவில் தொடங்கி, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று. உள்ளங்கையை எங்கே வைத்தாலும் ஓர் ஊக்காவது தட்டுப்பட வேண்டும்.

தைக்கும்போது ஊசி 16, இஞ்ச்சுக்கு 8 தையல். பிரஷர் ஃபுட்டின் அழுத்தத்தைத் தளர்த்துங்கள். தலைக்கு மேலே இருக்கும் திருகைக் கொஞ்சம் மேலே திருப்பினால் போதும். அழுத்தம் அதிகமானால் கீழ்த்துணியைத் தகட்டில் உள்ள பல்வரிசை இழுத்துப் போக, மேல்துணி முன்னால் அலையாகக் குவியும். மெஷினுக்குப் பொருந்தும் வாக்கிங் ஃபுட் (மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் பாதம்) கிடைத்தால் இந்தச் சண்டையே இல்லை. முதல் கோடு நடுவில், அப்புறம் வலப்பக்கம் பாதி, திருப்பிப் போட்டு மறு பாதி. ஓரத்திலிருந்து தொடங்கினால் மிச்சத் துணி நடுவில் சிக்கிக்கொள்ளும்.

பழைய காட்டன் சேலையை அடித்துணியாகப் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தைக் குவில்ட்டுக்குப் பாதிச் சேலை போதும், அதைவிட மெத்தென்ற துணி கடையில் கிடைக்காது. ஆனால் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கொசுவம் வைத்து வைத்து நடுவில் நூல் இற்றுச் சல்லடையாகியிருக்கும். அந்தப் பகுதியைத் தள்ளி வெட்டுங்கள்.

*ஊட்டி வாசகி: பஞ்சு ஷீட் எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டரின் எடை, கிராமில்) வாங்குவது?*

உங்கள் ஊருக்கு 200. சமவெளிக்கு 80 முதல் 100 தாராளம். மின்விசிறிக் காற்றுக்குப் போர்த்திக்கொள்ள, பழைய ஃபிளானல் ஒன்றை நடுவில் வைத்தாலே போதும். 200-ஐ வீட்டு மெஷினின் கழுத்துக்குள் சுருட்டி நுழைப்பது கஷ்டம். கட்டில் அளவென்றால் மூன்று பாகமாகத் தைத்துப் பிறகு சேர்ப்பது நல்லது.

*சேலம் வாசகி: ரோட்டரி கட்டர் (உருளும் வட்டக் கத்தி) இல்லாமல் முடியுமா?*

முடியும், கத்தரிக்கோலும் அச்சும் போதும். கல்யாணப் பத்திரிகை அட்டையில் அச்சு வெட்டாதீர்கள். சாக்பீஸ் உரசி உரசி ஓரம் தேய்ந்து, நூறாவது கட்டம் முதல் கட்டத்தைப் போல இருக்காது. பழைய எக்ஸ்ரே ஷீட் தேயாது. கோட்டின் உள்பக்கமாக வெட்டுங்கள். கோட்டின் மேலேயே வெட்டினால் சாக்பீஸ் தடிமனும் அளவில் சேர்ந்துவிடும். கட்டர் வாங்குவதாக இருந்தால் 45 மி.மீ., கூடவே அடியில் விரிக்கும் கட்டிங் மேட்டும் கனமான ஸ்கேலும். கட்டிங் மேட்டின் மேல் சூடான காபி டம்ளரோ இஸ்திரிப் பெட்டியோ வைத்தால் வளைந்துவிடும், வளைந்தது வளைந்ததுதான்.

*கும்பகோணம் வாசகி: ஓரப்பட்டிக்கு எவ்வளவு துணி எடுப்பது? ஒவ்வொரு முறையும் ஒரு சாண் குறைகிறது.*

36 x 48 குவில்ட்டின் சுற்றளவு 168 இஞ்ச். மூலை மடிப்புக்கும் இரு முனைகளைச் சேர்ப்பதற்கும் 12 சேர்த்தால் 180. 44 இஞ்ச் பன்னாவில் (துணியின் அகலத்தில்) கரை போக 42 கிடைக்கும். 2.5 இஞ்ச் அகலத்தில் நாலு பட்டை வெட்டினால் 168தான். அங்கேதான் உங்கள் ஒரு சாண் போகிறது. ஐந்து வெட்டுங்கள். சாய்வாக இணைக்கும்போது ஓர் இணைப்புக்கு 2.5 இஞ்ச் போனாலும் மொத்தம் 200 இஞ்ச் கிடைக்கும். ஐந்து பட்டைக்கு 12.5 இஞ்ச் உயரம், கடையில் 40 செ.மீ. கேளுங்கள்.

பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தேய்த்து, மேல்பக்கம் மெஷினில் கால் இஞ்ச்சில் தைத்து, பின்பக்கம் திருப்பிக் கையால் ஹெம்மிங் செய்யுங்கள். மூலைக்குக் கால் இஞ்ச் இருக்கும்போதே மெஷினை நிறுத்த வேண்டும். கடைசிவரை ஓட்டினால் மூலை மடியாது. இந்தப் பட்டையைத் துணி வாங்கிய அன்றே வெட்டி, தேய்த்து, அட்டையில் சுற்றி அந்தந்தப் பைக்குள் போட்டுவிடுங்கள். மூன்று மாதம் கழித்துப் போனால் அதே நிறம் கடையில் இருக்காது.