காய்ப்புழுவின் பேரினம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் தக்காளியைத் துளைக்கும் பச்சைக்காய்ப்புழுவைப் பழைய வேளாண் கையேடு ‘ஹெலியோத்திஸ் ஆர்மிஜெரா’ என்கிறது, புதியது ‘ஹெலிகோவெர்ப்பா ஆர்மிஜெரா’ என்கிறது. இரண்டும் ஒன்றா? விளக்குக்கு வந்த இரண்டு அந்துப்பூச்சிகளின் படங்களை இணைத்துள்ளேன். ஒன்று பச்சை கலந்த மஞ்சள், மற்றது செம்பழுப்பு. இவை வேறு வேறு இனங்களா?

எம்., ஒட்டன்சத்திரம்

அன்புள்ள எம்.,

பூச்சி ஒன்றேதான். 1965இல் கனடாவின் பூச்சியியலாளர் ஹார்ட்விக், ஹெலியோத்திஸிலிருந்து சில இனங்களைப் பிரித்து ஹெலிகோவெர்ப்பா என்ற பேரினத்தை அமைத்தார். இறகின் நிறத்தை அவர் நம்பவில்லை. இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பைப் பார்த்தார். வயிற்றின் நுனியை வெட்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்கினால் சதை கரைந்துபோகும். பூச்சியின் மேலோட்டைக் கெட்டியாக்கும் கைட்டின் என்ற பொருளாலான பாகங்கள் மட்டும் மிஞ்சும். தூரிகையால் சுத்தம் செய்து நுண்ணோக்கியில் வைத்தால், ஆணின் உறுப்புக்குள் சுருண்டிருக்கும் மெல்லிய குழாயும் அதிலுள்ள முட்களும் தெரியும். வகைப்பாட்டுக்கு ஆதாரம் அங்கேதான் இருக்கிறது.

இதை வீண் வேலை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்கக் கண்டத்தின் ஹெலிகோவெர்ப்பா சியாவும் நம் ஆர்மிஜெராவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பிரேசிலில் ஆர்மிஜெரா நுழைந்தது 2013இல்தான் உறுதியானது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அது அங்கே இருந்திருக்கிறது. சோயாவையும் பருத்தியையும் தின்ற புழுவை உள்ளூர்ப் புழு என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் படங்களில் இருப்பவை ஆணும் பெண்ணுமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆர்மிஜெராவில் பொதுவாக ஆண் பச்சை சாயலிலும் பெண் செம்பழுப்பாகவும் இருக்கும். முன்னிறகில் சிறுநீரக வடிவப் புள்ளி தெரிகிறது. ஆனால் பூச்சி இறகை மடித்து உட்கார்ந்திருப்பதால், பின்னிறகின் கரும்பட்டை மறைந்துவிட்டது. அதைப் பார்க்காமல் நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். காரணம், நம் ஊரில் ஹெலிகோவெர்ப்பா அசல்டாவும் உண்டு. புகையிலை, மிளகாய்ப் பக்கம் அதிகம் போகும். இரண்டின் பெண் பூச்சிகளும் அதே இரண்டு வேதிப்பொருள்களைத்தான் ஆணை அழைக்க வெளியிடுகின்றன, விகிதம் மட்டும் தலைகீழ். அதனால் ஒன்றுக்கான இனக்கவர்ச்சிப் பொறியை வைத்துவிட்டு மற்றது விழும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

அடுத்த முறை பின்னிறகு விரிந்து தெரியும்படி படம் எடுத்து அனுப்புங்கள். அதைவிட நல்ல வழி, காயிலிருந்தே புழுவை எடுத்து வளர்ப்பது. எந்தச் செடி, எந்தத் தேதி என்று எழுதி வையுங்கள். கூட்டுப்புழுவாக மாற அடியில் ஈரமண் வேண்டும். ஒரு டப்பாவில் ஒரு புழுதான். சேர்த்துப் போட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும்.