எம்.எஸ்சி. கவுன்சலிங் சைக்காலஜி: எந்தக் கல்லூரி கட்டுப்படியாகும்?

கேள்வி: மகள் பி.எஸ்சி. சைக்காலஜி கடைசி வருஷம். அடுத்து எம்.எஸ்சி. கவுன்சலிங் அல்லது அப்ளைடு சைக்காலஜி படிக்க ஆசைப்படுகிறாள். உள்ளூர் சுயநிதிக் கல்லூரியில் வருஷத்துக்கு 90,000 ரூபாய், வெளியூர்க் கல்லூரி ஒன்றில் 60,000. ஆன்லைனில் இதில் பாதிக்கும் குறைவாக முடித்துவிடலாம் என்று ஒரு ஏஜென்ட் விடாமல் போன் செய்கிறார். எதில் சேர்ப்பது?

பதில்: ஏஜென்ட் நம்பரை முதலில் பிளாக் செய்யுங்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியைத் தொலைதூரத்திலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) உத்தரவிட்டிருக்கிறது. சுகாதாரம் சார்ந்த தொழில்களுக்காக 2021-ல் வந்த சட்டத்துக்குள் இந்தப் படிப்பும் அடங்குவதுதான் காரணம். ஏற்கெனவே சேர்ந்தவர்கள் முடித்துக்கொள்ளலாம்; புதிதாகச் சேர்பவருக்கு அது வீண் செலவு.

மற்ற இரண்டில், 60,000 குறைவாகத் தெரிகிறது, இல்லையா? விடுதியும் சாப்பாடும் மாதம் 7,500 என்று வையுங்கள். வருஷத்துக்குப் பத்து மாதம், இரண்டு வருஷத்துக்கு 1,50,000. கட்டணம் 1,20,000 சேர்த்தால் 2,70,000. உள்ளூரில் கட்டணம் 1,80,000, பஸ்ஸுக்கு மாதம் ஆயிரம் வீதம் 20,000, மொத்தம் 2,00,000. 'மலிவான' கல்லூரிதான் 70,000 அதிகம்!

வாயால் சொல்லும் தொகையை நம்பாமல், இரண்டு வருஷத்துக்கான கட்டணப் பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். தேர்வுக் கட்டணம், லேப், ஒர்க்‌ஷாப், ஆய்வேடு எல்லாம் உள்ளே அடக்கமா, தனியா என்று வரிவரியாகக் கேளுங்கள். இந்தப் படிப்பில் பணம் கசிகிற இடம் களப்பயிற்சி. மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ மாணவியே இடம் தேடிப் போக வேண்டியிருந்தால், போக்குவரத்தும் சில இடங்களில் பயிற்சிக் கட்டணமும் உங்கள் தலையில் விழும். எத்தனை மணிநேரம், யார் மேற்பார்வை, இடத்தைக் கல்லூரியே ஏற்பாடு செய்கிறதா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் எங்கள் கணக்கில் அந்தக் கல்லூரி விலை அதிகம்தான்.

அரசுப் பல்கலைக்கழகங்களையும் விட்டுவிடாதீர்கள். அப்ளைடு சைக்காலஜி புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் கோவை பாரதியாரிலும் இருக்கிறது. புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் க்யூட் பி.ஜி. என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கடைசி செமஸ்டர் ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தால் அதற்கு விண்ணப்பிக்கும் தேதி போயே போய்விடும்; பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

கடன் வாங்குவதானால், மாதத் தவணையை முதலிலேயே பாருங்கள்: 3 லட்சம், 11 சதவீத வட்டி, 7 வருஷம் என்றால் மாதம் சுமார் 5,140 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், மத்திய அரசின் பி.எம். வித்யாலக்ஷ்மி கல்விக் கடன் திட்டத்தில் 10 லட்சம் வரையான கடனுக்குப் படிக்கும் காலத்தில் 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. ஆனால் கல்லூரி அந்தத் திட்டப் பட்டியலில் இருக்க வேண்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது.

இன்னொன்று: இந்த எம்.எஸ்சி.யை மட்டும் வைத்து 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போர்டு மாட்ட முடியாது. அதற்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகரித்த படிப்பும் பதிவும் வேண்டும். மகளின் ஆசை அதுவென்றால் அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள்.

கேள்வி: ஒரு கல்லூரியில் பணம் கட்டிய பிறகு வேறிடத்தில் சீட் கிடைத்தால்?

பதில்: யுஜிசியின் 2018 விதிப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுப் பணமும் திரும்ப வரும், அதில் 5 சதவீதம் வரை, அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம். அந்த 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி தாண்டி 15 நாள் வரை 80, முப்பது நாள் வரை 50, அதன் பிறகு காஷன் டெபாசிட் (திருப்பித் தரவேண்டிய முன்வைப்புத் தொகை) மட்டும். சில வருஷங்களில் யுஜிசி இதைவிடத் தாராளமான தேதிகளை அறிவிக்கும், அதையும் பாருங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது. விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். பணம் வராவிட்டால் யுஜிசியின் இ-சமாதான் தளத்தில் புகார் செய்யும்போது அந்தத் தேதிதான் கேட்கப்படும்.